நீல நீள்வட்டம் – 9: ஐகான் பிறந்த கதை

1926-ல் இந்தியாவுக்கு வந்து பம்பாய், கல்கத்தா, சென்னை என்று துறைமுக நகரங்களில் காலூன்றிய ஃபோர்டு நிறுவனம், 1950களின் நடுவில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியதைச் சென்ற வாரம் பார்த்தோம். உதிரிபாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கும் தொழில், இறக்குமதிக் கட்டுப்பாடுகளுக்குப் பிறகு கட்டுப்படியாகவில்லை. அதன் பின் நாற்பது ஆண்டுகள் இந்தியாவில் ஃபோர்டு கார் தயாராகவில்லை.

ஆனாலும் பெயர் மறையவில்லை. ஃபரீதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஃபோர்டுடன் கூட்டுச் சேர்ந்து 1971 முதல் டிராக்டர் செய்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்து உழவர்களுக்கு ஃபோர்டு என்றால் டிராக்டர்தான். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் என இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ள வட்டாரம் இது. கரும்பு டிரெய்லரை இழுக்கும் வண்டியாக அந்தப் பெயரை அறிந்தவர்களுக்கு, அதே பெயரில் கார் வரப்போகிறது என்ற செய்தி 1990களின் நடுவில் புதுமையாக இருந்தது.

இந்த வாரக் கதை அங்கே தொடங்குகிறது. ஒரு தோல்வி, ஒரு வெற்றி, இரண்டுக்கும் நடுவே மூன்றே ஆண்டுகள்.

*

1991 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு புதிய தொழில் கொள்கையை அறிவித்தது. கார் தயாரிக்க லைசென்ஸ் வேண்டும் என்ற விதி 1993-ல் நீங்கியது. அதுவரை இந்தியாவில் கார் வாங்க நினைத்தவருக்கு அம்பாசடர், பத்மினி, மாருதி என்ற மூன்று பெயர்களைத் தாண்டி அதிகம் சிந்திக்க வேண்டியிருக்கவில்லை.

கதவு திறந்ததும் உலகமே வந்து நின்றது. தென்கொரியாவின் டேவூ, பிரான்சின் பெஜோ, ஜெனரல் மோட்டார்ஸின் ஓப்பல், இத்தாலியின் ஃபியட். எல்லோரும் ஒரே கணக்கைப் போட்டார்கள். இந்தியாவில் நடுத்தர வர்க்கம் இருபது கோடிப் பேர். அதில் நூற்றில் ஒருவர் வாங்கினாலே போதும்.

அந்தக் கணக்கு தவறு. மாதச் சம்பளத்தில் ஸ்கூட்டர் தவணை கட்டும் குடும்பமும் அந்த இருபது கோடிக்குள் இருந்தது. ஆறு லட்சம் ரூபாய் கார் வாங்கக்கூடியவர்கள் மிகச் சிலர். இதை அந்த நிறுவனங்கள் உணர்வதற்குள் பெரும் பணம் கரைந்துவிட்டது.

ஃபோர்டு தனியாக வரவில்லை. வெளிநாட்டு நிறுவனம் உள்ளூர்த் துணையோடு வருவதுதான் அன்றைய நடைமுறை. ஃபோர்டு தேர்ந்தெடுத்த துணை மஹிந்திரா.

இந்தத் துணைக்குப் பின்னால் ஒரு பழைய உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்கு ஜீப் வேண்டியிருந்தது. அந்த ஒப்பந்தம் வில்லிஸ் நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஆனால் போருக்குத் தேவைப்பட்ட எண்ணிக்கையை வில்லிஸ் ஒன்றால் செய்து முடிக்க முடியவில்லை. அதனால் அதே ஜீப்பை ஃபோர்டும் செய்தது, இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல். ஜீப்பின் முகத்தில் செங்குத்தான இடைவெளிகளோடு இருக்கும் இரும்புக் கிராதியைத் தகட்டை அழுத்தி ஒரே துண்டாகச் செய்யும் முறை ஃபோர்டு கொண்டுவந்தது. வில்லிஸ் அதைப் பின்பற்றியது.

போர் முடிந்ததும் அந்த வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, 1940களின் கடைசியில் பம்பாய் மஸகானில் பூட்டத் தொடங்கிய நிறுவனம்தான் மஹிந்திரா.

அந்த ஜீப்பின் வாரிசுகளைக் கல்வராயன் மலை நன்றாக அறியும். சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. 1976-ல்தான் ஜாகிர் முறை ஒழிந்து அரசின் நேரடி நிர்வாகம் வந்தது. சாலை என்று சொல்லத்தக்கது அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல ஏறியது. பாறையும் செம்மண்ணுமாகக் கிடந்த பாதைகளில் மலையாளிப் பழங்குடி மக்களையும், மரவள்ளி மூட்டையையும், கடுக்காயையும், பிரசவ வலியில் துடித்த பெண்ணையும் கீழே கொண்டுவந்து சேர்த்தவை ஜீப்புகள். நான்கு சக்கரமும் இழுக்கும் இரும்புப் பெட்டி. அதற்கு அழகு வேண்டியதில்லை, ஏறினால் போதும்.

இந்திய மண்ணில் எந்த வண்டி ஓடும், எது ஓடாது என்பது மஹிந்திராவுக்கு அரை நூற்றாண்டு அனுபவம். அந்த அனுபவத்தை ஃபோர்டு முதலில் கேட்டுக்கொள்ளவில்லை.

*

1996. நாசிக்கில் உள்ள மஹிந்திரா ஆலையிலிருந்து எஸ்கார்ட் வெளியே வந்தது.

ஐரோப்பாவில் எஸ்கார்ட் பெரும்புகழ் பெற்ற பெயர். 1968 முதல் பிரிட்டனின் சாலைகளில் ஓடிய பரம்பரை. ராலிப் பந்தயங்களில் கோப்பைகள் வென்றது. ஆனால் இந்தியாவுக்கு வந்த எஸ்கார்ட், 1990-ல் ஐரோப்பாவில் அறிமுகமான உடலமைப்பைக் கொண்டது. அங்கே அதன் காலம் முடிந்துகொண்டிருந்தது. அதன் இடத்தைப் பிடிக்க ஃபோகஸ் என்ற புதிய காரை ஃபோர்டு வடிவமைத்துக்கொண்டிருந்தது. 1998-ல் அது வந்தும் விட்டது.

அங்கே ஓய்வு பெறவிருந்த கார், இங்கே புதுமுகமாக மேடையேற்றப்பட்டது.

1.3 லிட்டர் பெட்ரோல், 1.8 லிட்டர் டீசல் என்று இரண்டு எஞ்சின்கள். கெட்டியான உடல். கதவைச் சாத்தினால் கனமான சத்தம் வரும். அம்பாசடருக்குப் பழகிய காதுக்கு அது பிடித்திருந்தது. நெடுஞ்சாலையில் நிலையாக ஓடும். இந்த நல்ல குணங்களை மறைக்கக் கூடாது.

ஆனால் அந்தப் பெட்ரோல் எஞ்சின் அந்தக் கனமான உடலுக்குப் போதவில்லை. ஏசி போட்டால் மேடேறத் திணறும். விலையோ உச்சத்தில் இருந்தது. பாகங்களில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்ததால், ஒரு ஹெட்லைட் உடைந்தாலும் செலவு கையைக் கடித்தது.

1998 ஜனவரியில் ஹோண்டா சிட்டி வந்தது. அதே விலை வட்டாரத்தில் புதிய வடிவமைப்பு, சீறும் எஞ்சின். அதே ஆண்டில் மிட்சுபிஷி லான்சர், இந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் ஆலையிலிருந்து கிளம்பியது. இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் எஸ்கார்ட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1908-ல் ஹென்றி ஃபோர்டு மாடல் டி காரைச் செய்தபோது அமெரிக்காவில் தார்ச்சாலை அரிது. மழைக்காலத்தில் கிராமத்துப் பாதைகள் சேற்றுக் குட்டையாகிவிடும். அந்தச் சேற்றை மனத்தில் வைத்துத்தான் வண்டியின் அடிப்பாகத்தைத் தரையிலிருந்து நன்றாக உயர்த்தினார். எடை குறைவாகவும் உறுதி அதிகமாகவும் இருக்க வனேடியம் கலந்த எஃகைப் பயன்படுத்தினார். கிராமத்து விவசாயியே பழுதுபார்க்கும் அளவுக்கு எளிமையாக எஞ்சினை அமைத்தார். 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள் விற்றன. சாலையைப் பார்த்து வண்டி செய்ததால் வந்த வெற்றி அது.

அந்த மனிதரின் பெயரைத் தாங்கிய நிறுவனம், எண்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு நாட்டின் சாலையைப் பார்க்காமலே காரை இறக்கியது. எஸ்கார்ட்டின் தோல்விக்கு விலை ஒரு காரணம், பழைய வடிவம் ஒரு காரணம். ஆனால் அடிப்படைக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். வாங்கப்போகிறவரை யாரும் கேட்கவில்லை.

*

எஸ்கார்ட் நாசிக்கில் தயாராகிக்கொண்டிருந்தபோதே இன்னொரு முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டுக்கு அதுதான் பெரிய திருப்பம்.

ஃபோர்டின் சொந்த ஆலை எங்கே அமைவது?

மகாராஷ்டிரம் முன்னணியில் இருந்தது. மஹிந்திராவின் தலைமையகம் பம்பாயில், ஆலை நாசிக்கில், பக்கத்தில் புனே என்ற மோட்டார் நகரம். ஆலை அங்கே போயிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள்.

அப்போது இங்கே ஜெயலலிதா முதலமைச்சர். நிலம், மின்சாரம், விற்பனை வரிச் சலுகை என்று தமிழ்நாடு இறங்கி வந்து பேசியது. ஆனால் சலுகையை எந்த மாநிலமும் தர முடியும். மற்றவர்கள் ஓரிரவில் உருவாக்க முடியாத ஒன்று சென்னையைச் சுற்றி ஏற்கெனவே இருந்தது: உதிரிபாகத் தொழில்.

பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா. ஸ்டியரிங்குக்கு ராணே. டயருக்கு எம்ஆர்எஃப். சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் மூடி சின்னப் பொருள்தான். ஆனால் உள்ளே இருக்கும் சுருள்வில் குறிப்பிட்ட அழுத்தத்தில் மட்டும் திறக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் எஞ்சின் கொதித்துவிடும். லட்சக்கணக்கில் செய்தாலும் ஒவ்வொன்றும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். அதைச் செய்து காட்டிய ஊர் என்ற பெயர் டெட்ராய்ட் வரை போயிருந்தது.

துறைமுகம் பக்கத்தில். பொறியியல் கல்லூரிகளும் ஐடிஐக்களும் ஏராளம். தேர்வு சென்னைக்குச் சாதகமாக முடிந்தது. ஜிஎஸ்டி சாலையில், தனித்தமிழ் அறிஞர் மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய மறைமலை நகரில், 350 ஏக்கர்.

அதே ஜிஎஸ்டி சாலையில் வண்டலூருக்கு அருகே ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தந்த ஆலை. 1980களின் இறுதியில் அது மூடப்பட்டபோது, தமிழ்நாட்டுக்கும் கார் தொழிலுக்குமான உறவு முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். பத்தே ஆண்டுகளில் அதே சாலையில், இருபது கிலோமீட்டருக்குள் மறுபடியும் கார்.

1996 மே மாதம் ஆட்சி மாறியது. கருணாநிதி முதலமைச்சரானார். முந்தைய ஆட்சி கொண்டுவந்த திட்டம் என்று அதைக் கிடப்பில் போடவில்லை. வேலை தொடர்ந்தது. அதே ஆண்டில் ஹூண்டாயும் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. தமிழ்நாட்டு அரசியலில் எத்தனையோ சண்டைகள் உண்டு. தொழிற்சாலை விஷயத்தில் இரு கட்சிகளும் காட்டிய இந்தப் பொறுப்பை நாம் போதுமான அளவு பாராட்டவில்லை என்பது என் எண்ணம்.

1998-ல் ஃபோர்டு தன் பங்கை 72 சதவீதமாக உயர்த்திக்கொண்டது. மஹிந்திரா பின்னிருக்கைக்குப் போனது. நிறுவனத்தின் பெயர் ஃபோர்டு இந்தியா ஆனது. 1999 மார்ச்சில் மறைமலை நகர் ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் கார்கள் செய்யும் திறன்.

ஆலை தயார். எஸ்கார்ட்டை நம்பி ஒரு லட்சம் என்ற எண்ணைத் தொட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

*

அடுத்த கார் எப்படி இருக்க வேண்டும்?

இந்த முறை ஃபோர்டு கேட்டது. ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்த ஃபியஸ்டா என்ற சிறிய காரின் அடித்தளத்தை எடுத்துக்கொண்டு, அதன் மேல் டிக்கி வைத்த ஒரு புதிய காரை இந்தியாவை முன்னால் வைத்து வடிவமைத்தது. பெயர் ஐகான்.

என்னென்ன மாற்றினார்கள் என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் இங்கே வாழும் ஒரு மனிதர் இருக்கிறார்.

பின்னிருக்கையில் தலைக்கு மேல் இடத்தைக் கூட்டினார்கள், தலைப்பாகை கட்டியவர் தலை குனியாமல் உட்கார. பின்கதவு கூடுதலாக விரியும்படி செய்தார்கள், புடவை கட்டிய பெண் கொசுவம் கலையாமல் இறங்க. இந்தியாவில் காரின் சொந்தக்காரர் பல நேரம் பின்னால்தான் உட்காருகிறார், பாட்டியும் அங்கேதான். ஐரோப்பியக் கார்கள் ஓட்டுபவரை மட்டுமே நினைத்துச் செய்யப்பட்டவை. அங்கே பின்னிருக்கை குழந்தைகளுக்கு.

ஏசியின் திறனைக் கூட்டினார்கள். சித்திரை வெயிலில் மூடிக் கிடந்த கார் சீக்கிரம் குளிர வேண்டும் அல்லவா? குண்டும் குழியுமான சாலைக்காக ஷாக் அப்சார்பரை வலுவாக்கினார்கள்.

எனக்கு மிகப் பிடித்த மாற்றம் வேறு. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியில், மழை வெள்ளம் உள்ளே புகாமல் தடுக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

இதன் அருமை நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் கல்வராயன் மலையில் அடைமழை பெய்தால் கோமுகியும் மணிமுக்தாவும் ஒரே இரவில் பொங்கி வரும். தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். அவசரத்தில் ஒருவர் காரை இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் எழும் அலை காற்றுக் குழாயை எட்டுகிறது. எஞ்சின் காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சுகிறது. பிஸ்டன் மேலே வரும்போது காற்றாக இருந்தால் சுருங்கும். தண்ணீர் சுருங்காது. சுருங்காத நீரை இரும்பு அழுத்தப் போய், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஒரு நொடிதான். எஞ்சினை முழுக்கப் பிரித்தாக வேண்டும்.

பட்டறைக்காரர்கள் இதை ஒரே வரியில் சொல்வார்கள்: "எஞ்சின் தண்ணி குடிச்சிருச்சு."

மிச்சிகன் மாநிலத்தில் தலைமையகம் கொண்ட ஒரு நிறுவனம் நம் ஊர் மழையை வடிவமைப்பு மேசைக்குக் கொண்டுவந்தது ஐகானில்தான். எஸ்கார்ட் வந்தபோது அந்த மேசையில் நமக்கு இடம் இருக்கவில்லை.

எஞ்சின்களிலும் பாடம் கற்றிருந்தார்கள். 1.3 பெட்ரோல் இருந்தது. எஸ்கார்ட்டில் ஓடிய 1.8 டீசல் இருந்தது. இவற்றோடு 1.6 லிட்டர் ரோகாம் என்ற புதிய பெட்ரோல் எஞ்சின், தொண்ணூறு குதிரைத்திறனைத் தாண்டியது. பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஃபோர்டு செய்த எஞ்சின் குடும்பம் அது. அந்த அளவு காருக்கு அது நல்ல இழுவை.

*

1999 நவம்பர். ஐகான் விற்பனைக்கு வந்தது. "ஜோஷ் மெஷின்" என்று விளம்பரம் செய்தார்கள். உற்சாக வண்டி.

பெயருக்கு ஏற்றபடியே இருந்தது. 1.6 ஐகானை ஓட்டியவர்கள் அதன் பிக்கப்பைப் பற்றிப் பேசி ஓயவில்லை. பந்தயக்காரர்கள் தேடி வந்து வாங்கினார்கள். ஃபோர்டு இந்தியாவின் அன்றைய தலைவர் ஃபில் ஸ்பெண்டருக்கு மூன்று ஆண்டுகளில் முதல்முறையாக நல்ல செய்தி.

அடுத்து நடந்ததுதான் இந்த அத்தியாயத்தின் உச்சம். மறைமலை நகரிலிருந்து ஐகான் பாகங்களாகப் பெட்டிகளில் அடுக்கப்பட்டு, சென்னைத் துறைமுகம் வழியாகத் தென்னாப்பிரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் போனது. 1920களில் பெட்டிகளில் அடைத்த ஃபோர்டு கார் கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கியது, இங்கே பூட்டினார்கள். இப்போது பெட்டி இங்கிருந்து ஏறியது. பூட்டும் வேலை அங்கே. எழுபது ஆண்டுகளில் சரக்கின் திசையே மாறிவிட்டது.

கார்கள் சாலை வழியாகவும் போயின. மறைமலை நகரிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை. அங்கே மேற்கே திரும்பினால் தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், சேலம், கோவை. அன்று அது இருவழிச் சாலை. விழுப்புரம் மாவட்டத்தில் அப்போது இருந்த கள்ளக்குறிச்சி வழியாகத்தான் கொங்கு நாட்டுக்குப் போகும் நேர்வழி.

ஆனால் கள்ளக்குறிச்சியில் எத்தனை பேர் வாங்கினார்கள்? 1999-ல் இந்த ஊரில் கார் வாங்கக்கூடியவர்கள் அரிசி ஆலை முதலாளிகள், டாக்டர்கள், ஒப்பந்தக்காரர்கள். அவர்களிடம் அம்பாசடர் இருந்தது, பிறகு மாருதி இருந்தது. ஃபோர்டின் விற்பனைக் கூடங்கள் அன்று பெருநகரங்களைத் தாண்டி அதிகம் வரவில்லை. சர்வீஸுக்கு ஒரு நாளை ஒதுக்கி வெளியூர் போக வேண்டிய காரை வாங்கச் சிறுநகரத்துக்காரர் தயங்குவார். எஸ்கார்ட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட பயமும் போகவில்லை. அதனால் புது ஐகானை வாங்கியவர்கள் இந்தப் பக்கம் குறைவு.

ஐகான் சிறுநகரங்களுக்கு வந்தது பிறகுதான், இரண்டாம் கையாக. பெருநகரத்தில் ஐந்தாறு ஆண்டு ஓடிய வண்டியின் விலை மளமளவென்று இறங்கியது. டீசல் ஐகானை மாருதி விலைக்கு வாங்க முடிந்தது. கச்சிராயபாளையம் சாலையில் ஒரு பட்டறையில் அப்படி ஒரு டீசல் ஐகானைச் சமீபத்தில் பார்த்தேன். பச்சை நிறம் வெளிறியிருந்தது. முன்பக்க நீல முத்திரையில் பாதி எழுத்து உரிந்துவிட்டது. சாவியைத் திருப்பி, டாஷ்போர்டில் சுருள் விளக்கு அணையும்வரை காத்திருந்து, பட்டறைக்காரர் ஸ்டார்ட் செய்தார். கரகரவென்று பிடித்துக்கொண்டது. பானெட்டே அதிர்ந்தது.

"சத்தம்தான் சார். எஞ்சின் இரும்பு. இதைச் சாகடிக்க முடியாது," என்றார். "ஆனா ஸ்பேர் கேட்டா வாங்குனவங்க முகம் மாறிடும்."

இந்த இரண்டு வரியில் ஐகானின் பெருமையும் குறையும் அடங்கிவிட்டன. ஓட்டுவதற்கு அருமையான கார். வைத்துப் பராமரிக்கச் செலவு பிடிக்கும் கார். ஓட்டுபவரின் தேவையையும் உட்காருபவரின் தேவையையும் கேட்டுத் தெரிந்துகொண்ட ஃபோர்டு, மாதக் கடைசியில் சர்வீஸ் பில் கட்டுபவரை இன்னும் கேட்கவில்லை.

*

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஐகானை நம் மாவட்டத்தில் வாங்கியவர்கள் குறைவாக இருக்கலாம். அந்த ஆலையும் அதைச் சுற்றி வளர்ந்த தொழில்களும் நம் பிள்ளைகளின் வாழ்க்கையை மாற்றின. டிப்ளமாவும் ஐடிஐயும் முடித்த வடமாவட்ட இளைஞர்கள் ஜிஎஸ்டி சாலைக்கும் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போனார்கள். வெல்டிங், பெயின்ட், அசெம்பிளி என்று கற்றார்கள். மழையை நம்பிக் கரும்பு போட்ட அப்பாவின் பிள்ளைக்கு மாதம் பிறந்தால் சம்பளம். ஃபோர்டின் இந்திய வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த மாற்றம். பின்னால் 2021-ல் வரப்போகும் ஓர் அறிவிப்பு ஏன் இத்தனை வீடுகளில் இடியாக இறங்கியது என்பதை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். அந்தக் கதைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.

2000-ல் நின்று பார்த்தால் ஃபோர்டுக்கு எல்லாம் கூடிவந்திருந்தது. புதிய ஆலை, திறமையான தொழிலாளர்கள், பேர் வாங்கிய கார், ஏற்றுமதி. எஸ்கார்ட் 2001-ல் ஓசையின்றி நிறுத்தப்பட்டது.

ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு காட்சி. ஃபோர்டுக்குப் பின்னால் தமிழ்நாட்டுக்கு வந்த ஹூண்டாய், 1998 செப்டம்பரில் சான்ட்ரோ என்ற சிறிய காரை முதலில் இறக்கியது. உயரமான கூரை, சின்ன உடல், கட்டுப்படியாகும் விலை. ஸ்கூட்டரில் போன குடும்பங்கள் சான்ட்ரோவுக்கு மாறின. சேலம் சாலையிலும் துருகம் சாலையிலும் சான்ட்ரோ சாதாரணக் காட்சியானது.

ஃபோர்டு அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 2001-ல் அது கொண்டுவந்தது மாண்டியோ என்ற விலை உயர்ந்த பெரிய கார். 2003-ல் எண்டெவர், அதைவிடப் பெரியது. 2004-ல் ஃபியூஷன், 2005-ல் ஃபியஸ்டா. இந்தியர்கள் அதிகம் வாங்கிய அளவில், அவர்கள் கைக்கு எட்டிய விலையில் ஒரு சிறிய ஃபோர்டு வர 2010 மார்ச் வரை ஆனது.

ஐகானுக்காக நம் மழையையும் புடவையையும் வெயிலையும் கேட்டறிந்த அதே நிறுவனம், நம் பணப்பையைக் கேட்கப் பத்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டது ஏன்? பணம் இல்லையா, துணிவு இல்லையா, டியர்பார்ன் தலைமையகம் தடுத்ததா?

அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் உங்கள் வீட்டில், தெருவில், பட்டறையில் ஐகானோ எஸ்கார்ட்டோ இருந்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். மறைமலை நகரில் வேலை பார்த்தவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

(தொடரும்)